கட்டம் கட்டிய கடிதம்

மணி பன்னிரண்டு இருபது. டோரக் இன்னும் குதிரை ஏறவில்லை. அவன் ஏற வேண்டுமென்றால் யாராவது பக்கத்தைத் திருப்ப வேண்டும். நாச்சிமுத்து மூன்றாம் பக்கத்தைவிட்டு நகர்வதாக இல்லை. பதினோரு மணிக்கு வழக்கம்போலக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, விரல் இடுக்கில்கூட ஈரமில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் புத்தகத்தைத் தொட்டார். படுக்கையில் சாய்ந்து, தலைமாட்டில் கவ்வி வைத்த குட்டி விளக்கில் படிப்பதுதான் அவருடைய இருபத்திரண்டு வருஷத்து வழக்கம். பக்கத்தில் மனைவி பூங்கோதை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். விளக்கு வெளிச்சம் அவளை ஒன்றும் செய்யாது, தலை சாய்ந்த மறு நிமிஷம் தூங்கிவிடுகிற ஜாதி. இன்றைக்கும் அப்படித்தான் தூங்கினாள். அவரால்தான் அவள் பக்கத்தில் இருக்க முடியவில்லை. மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார், விளக்கை அணைத்தார், புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருடனைப்போல நடந்து வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் அதே பக்கத்தை இதுவரை பதினாலு முறை படித்துவிட்டார். பதினைந்தாவது முறை படித்தால் ஏதாவது மாறியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் பக்கம் வாசகர் சபை. ‘கழுகுக்கொடி காமிக்ஸ்’ வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கதைக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்கள். மாதம் பத்துப் பதினொரு கடிதம் வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆசிரியர் தடித்த எழுத்தில் ஒரு பதில் போடுவார். அதில் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் சுற்றிலும் கோடு போட்டு, கட்டம் கட்டி, தலையில் ‘இம்மாதச் சிறந்த கடிதம்’ என்று போடுவார். அந்தக் கட்டத்துக்குள் இந்த மாதம் இப்படி இருந்தது: ‘ஆறாம் பக்கத்தில் அந்தப் பெண் டோரக்குக்கு ஒரு கடிதம் போடுகிறாள். ஐம்பத்தெட்டுப் பக்கமும் முடிந்துவிட்டது. அதற்கு அவன் பதில் போட்டானா இல்லையா? இத்தனை பேரைச் சுட நேரம் இருக்கிறவனுக்கு ஒரு கார்டு எழுத நேரம் இல்லையா? — பூங்கோதை, தாராபுரம்.’ கீழே ஆசிரியரின் பதில், கடிதத்தைவிட நீளமாக: ‘நெத்தியடி, சகோதரி! டோரக்கை இத்தனை வருடமாக வெளியிடும் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. முத்து முத்தான கையெழுத்து வேறு! சிறப்பு மலர் பதிவுத் தபாலில் இந்த வாரமே உங்கள் வீடு தேடி வருகிறது. மார்ச் மாதம் கோவையில் நடக்கும் வாசகர் கூட்டத்தில் உங்களை மேடையேற்றாமல் விடமாட்டோம். கணவரையும் அழைத்து வாருங்கள், அவருக்கும் நம் காமிக்ஸை மெல்ல அறிமுகப்படுத்தி வைப்போம்.’

அறிமுகப்படுத்தி வைப்பார்களாம். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் நாச்சிமுத்துவுக்குக் காதுமடல் சுட்டது. யாருக்கு யாரை அறிமுகப்படுத்துவது? டோரக்கின் முதல் இதழ் வந்த அன்றைக்குப் பேருந்து நிலையக் கடையில் கட்டுப் பிரிக்கும்போதே நின்று வாங்கியவர் அவர். டோரக்கின் குதிரை எந்த இதழில் செத்தது, எந்த இதழில் மொழிபெயர்ப்பாளர் மறந்துபோய் அதே குதிரையை மறுபடி ஓடவிட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார், தூங்கினால்தானே எழுப்புவதற்கு. பகல் முழுக்கக் கோர்ட்டில் தட்டச்சு. யாரோ சொல்வதை யாருக்காகவோ அடித்துக் கொடுக்கிற பிழைப்பு. வாதி, பிரதிவாதி, மேற்படி சொத்து, மேற்படி கிணறு, மேற்படி வழித்தடம். பகல் என்பது மற்றவர்களுக்குச் சொந்தம் என்று அவர் என்றைக்கோ விட்டுக்கொடுத்துவிட்டார். ஊர் அடங்கினபிறகு வருகிற மூன்று மணி நேரம்தான் அவருடையது, அதில் யாரும் அவரை ‘அடிங்க’ என்று சொல்ல முடியாது. அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவர் பாலைவனம் தாண்டினார், கப்பல் ஏறினார், வங்கிக் கொள்ளைக்காரர்களை மடக்கினார். ஐம்பத்து நாலு வயசில் பொம்மைப் புத்தகமா என்று மச்சினன் கேட்டதற்குக்கூட அவர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி தனக்கென்று ஒரு ராஜ்யம் இருப்பவன் பகலில் எதையும் பொறுத்துக்கொள்வான். இப்போது அந்த ராஜ்யத்துக்குள் யாரோ நுழைந்து, அவருடைய நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அதுவும் தூங்கிக்கொண்டே.

எழுதினது யார் என்று கேட்டால் அவர்தான். அதைத்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று கடிதம் அவர் தம் பெயரில் போட்டிருக்கிறார். கோர்ட்டு ஆள் இல்லையா, ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் நகல் உண்டு, பச்சை அட்டைக் கோப்பில் நாடா போட்டுக் கட்டி அலமாரியில் இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட, ஒரு வரிகூட, ‘கடிதம் எழுதிய மற்றவர்கள்’ என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அந்தப் பட்டியலில்கூட வந்ததில்லை. பெருந்துறை லோகநாதனுக்கு இதுவரை அறுபத்தொரு கடிதம் வந்திருக்கிறது. லோகநாதன் எழுதுவது என்ன? ‘அட்டகாசம்! அதிரடி! அடுத்த மாதம் எப்போது?’ அவ்வளவுதான். அதற்கு ஆசிரியர் ‘நன்றி லோகு!’ என்று உருகுவார். ஒவ்வொரு மாதமும் புத்தகம் வந்த ராத்திரி நாச்சிமுத்து முதலில் தம் பெயரைத் தேடுவார், அடுத்தபடியாக லோகநாதன் பெயரைத் தேடுவார். முதலாவது இருக்காது, இரண்டாவது இருக்கும். பிறகு அரை மணி நேரம் அவருக்குக் கதை ஓடாது. டோரக் யாரைச் சுட்டாலும் அது லோகநாதனாகவே தெரியும். அந்த அரை மணி நேரத்தை அவர் பூங்கோதைக்குத் தெரியாமல் இருபத்திரண்டு வருஷம் சமாளித்திருக்கிறார். வயிறு எரிகிறதை வெளியில் காட்டாமல் பக்கம் திருப்புவது என்பது அவ்வளவு லேசான வேலை இல்லை.

செப்டம்பரில் லோகநாதனோடு வாட்ஸப் குழுவில் ஒரு சண்டை. பெண் வாசகர் என்றால் ஆசிரியர் எதையும் போட்டுவிடுவார் என்று நாச்சிமுத்து எழுதினார். நல்லா எழுதினா யாரா இருந்தாலும் வரும்ணே என்று லோகநாதன் ஒரு சிரிக்கிற பொம்மையோடு எழுதினான். அந்தப் பொம்மைதான் எல்லாவற்றுக்கும் காரணம். நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று அன்று ராத்திரியே உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று தம் பெயரில், தட்டச்சில், நாலு பக்கம்: ‘மேற்படி இதழின் பதினான்காம் பக்கம் மூன்றாம் கட்டத்தில் டோரக்கின் வலது கையில் காணப்படும் துப்பாக்கியானது, நான்காம் கட்டத்தில் இடது கையில் காணப்படுகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.’ இன்னொன்று பூங்கோதை பெயரில், பேனாவால், எழுத்தையெல்லாம் உருட்டி உருட்டி, இரண்டு பக்கம். அதிலும் அவர் சும்மா விடவில்லை. ஓவியரின் நிழல் கோடுகளைப் பற்றி ஒரு பத்தி, மொழிபெயர்ப்பில் வந்த மூன்று பிழைகள், பழைய இதழ்களோடு ஒப்பீடு. நடுவில், பெண்பிள்ளை எழுதின மாதிரித் தெரிய வேண்டுமே என்று, பூங்கோதை என்றோ சொன்னதை நாலு வாக்கியமாகச் செருகினார். முதல் கடிதத்தை வழக்கம்போல அவளிடமே கொடுத்தார். பூங்கோதைக்குத் தபால் ஆபீஸில் வேலை, அவருடைய கடிதம் எல்லாவற்றுக்கும் அவள் கையாலேயே முத்திரை குத்தித்தான் அனுப்புவாள். இரண்டாவதை அவள் கண்ணில் படாமல் இருக்க, பழனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அங்கே பேருந்து நிலையப் பெட்டியில் போட்டார். பெட்டிக்குள் அது விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கல்யாண வீட்டுக்கு நடந்தார். மேற்படி ஆள் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏனென்றால் ஆசிரியர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். நிழல் கோடு போச்சு, மூன்று பிழைகள் போச்சு, ஒப்பீடு போச்சு. மிச்சம் வைத்தது அந்த நாலு வாக்கியம் மட்டும். நாலும் பூங்கோதை சொன்னது, கொஞ்சம் பேச்சை மாற்றிப் பக்க எண் போட்டது தவிர அவர் ஒரு சொல்கூடச் சேர்க்காதது. ஆக, அவரே எழுதி, அவரே ஒட்டி, அவரே பழனிவரைக்கும் சுமந்துபோய்ப் போட்ட கடிதத்தில்கூட அவர் வரவில்லை. கையெழுத்தை மட்டும் பாராட்டியிருக்கிறார்கள். சரி, கையெழுத்தாவது நம்முடையதுதானே என்று ஒரு நிமிஷம் ஆறுதல்பட்டார். உடனே அதுவும் கசந்தது, அது அவள் கை என்று நினைத்தல்லவா பாராட்டினார்கள். பெண் பெயர் என்பதால்தான் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் அவர் சொன்னது ஜெயித்தது, லோகநாதன் வாயை அடைக்கலாம். அப்படியென்றால் ஏன் மற்றதையெல்லாம் வெட்டினார்கள்? பெண் பெயருக்காகப் போடுகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் போட்டிருக்கலாமே. இல்லை, அந்தக் கேள்விக்காகத்தான் போட்டார்கள் என்றால் லோகநாதன் சொன்னது சரி, நல்லா இருந்தால் வரும். அப்படியென்றால் நூற்று நாற்பத்து மூன்றும்? நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நிற்கும், திரும்பி வந்து மறுபடி பெண் பெயரிலிருந்து ஆரம்பிக்கும். செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தும் எந்தப் பக்கம் நின்றால் வலி குறைச்சல் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கைபேசி அதிர்ந்தது. மேஜைமேல் அது கொர்ரென்று நகர, பாய்ந்து பிடித்தார். குழுவில் இந்த நேரத்துக்கும் ஆள் இருக்கும். ராத்திரியில் விழித்திருப்பவன்தான் காமிக்ஸ் வாசகன் என்பது அங்கே எழுதாத சட்டம். ‘தாராபுரம் சகோதரி யாருப்பா? பின்னிட்டாங்க.’ ‘கார்டு எழுத நேரம் இல்லையா... சிரிச்சு முடியல.’ ‘நானும் இருவது தடவ படிச்சிருக்கேன், அந்த லெட்டர் கண்ணுலயே படல.’ கடைசியாக லோகநாதன்: ‘நாச்சிமுத்து அண்ணே, உங்க ஊருதானே? யாருன்னு தெரியுமாண்ணே? நம்ம அறுவத்தொண்ணும் இந்த ஒண்ணுக்கு ஈடாகாதுண்ணே, நெசமாவே பொறாமையா இருக்கு.’ நாச்சிமுத்து அதை மூன்று முறை படித்தார். லோகநாதனே பொறாமைப்படுகிறான். இருபத்திரண்டு வருஷமாக அவர் கண்ட கனவு அது ஒன்றுதான், லோகநாதன் வயிறு எரிய வேண்டும். எரிகிறது, ஆனால் வேறு யாரையோ பார்த்து. அதிலும் எவ்வளவு சுலபமாக ‘பொறாமையா இருக்கு’ என்று எழுதிவிட்டான், கூடவே ஒரு கைதட்டல் பொம்மை. அவரால் அப்படி எழுத முடியுமா? அந்த ஒரு சொல்லை அவர் தம் மனசுக்குள்ளேகூட இதுவரை முழுசாக உச்சரித்ததில்லை. இப்போது உச்சரித்துப் பார்த்தார். ஆமாம், பொறாமைதான். கட்டின பொண்டாட்டிமேல். உள்ளறையில் நாளைக்கு ஏழரை மணிக்குத் தபால் பை பிரிக்கப் போக வேண்டுமே என்று அலாரம் வைத்துத் தூங்குகிறவள்மேல்.

அவள் அதைச் சொன்ன ராத்திரி நன்றாக நினைவிருந்தது, அதுதான் சங்கடம். ஆகஸ்ட் மாதம், மின்சாரம் போய் ஒரு மணி நேரம். அவர் டார்ச்சைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த இதழை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். புழுக்கத்தில் அவள் புரண்டு, ஒற்றைக் கண்ணைத் திறந்து, ‘இன்னும் எத்தன பக்கமுங்க?’ என்றாள். பன்னண்டு என்றார். ‘மொதல்ல அந்தப் புள்ள ஒரு லெட்டர் போட்டுச்சே. அதுக்கு அவன் பதில் போட்டானுங்ளா?’ தூங்குவதற்கு முன்னால் அவர் தோளுக்கு மேலாக அந்த ஒரு கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறாள். தபால்காரி இல்லையா, கதையில் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் அவள் கண்ணுக்குக் கடிதம்தான் தெரியும். இல்லை என்றார். ‘இத்தன பேரச் சுட நேரமிருக்குது, ஒரு கார்டு எழுத நேரமில்லீங்களாமா’ என்று சொல்லிக்கொண்டே மறுபடி தூங்கிவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டார்ச்சைத் திருப்பி ஆறாம் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். மேஜை, மெழுகுவத்தி, குனிந்து எழுதுகிற ஒரு பெண். அதற்குப் பிறகு புத்தகத்தில் எங்கேயும் அவள் இல்லை. மூன்று முறை படித்தும் அவருக்கு அவள் போனது தெரியவில்லை. துப்பாக்கி கை மாறினது தெரிந்தது, ஒரு மனுஷி காணாமல் போனது தெரியவில்லை. அன்றைக்கே நெஞ்சில் ஏதோ நறுக்கென்றது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார். காலையில் அவளிடம் கேட்டுப் பார்த்தார், ராத்திரி ஏதோ சொன்னியே என்று. ‘நானுங்களா? என்ன சொன்னேன்?’ என்று இட்லித் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள். அது என்ன நியாயம்? ஒருத்தன் கண் எரிய எரிய இருபத்திரண்டு வருஷம் விழித்திருந்து தேடினது கிடைக்காதாம், இன்னொருத்தி புரண்டு படுக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டுக் காலையில் மறந்தும் போவாளாம்.

ஒன்றேகால். வெளியே நாய் ஒன்று யாரையோ பார்த்து இரண்டு குரல் குரைத்துவிட்டு, தெரிந்த ஆள்தான் என்று விட்டுவிட்டது. பயம் அப்போதுதான் வந்தது, அதுவரை வயிற்றெரிச்சலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சிறப்பு மலர் பதிவுத் தபாலில் வருகிறது. பூங்கோதை பெயருக்கு. அது எங்கே வரும்? அவள் ஆபீஸுக்கு வரும், அவள் கையாலேயே பை பிரிக்கிற மேஜைக்கு வரும். அவள் எடுப்பாள், தன் பெயரைப் பார்ப்பாள், பக்கத்து சீட்டு பாக்கியத்தக்காவிடம் காட்டுவாள். இருவரும் பிரிப்பார்கள். உள்ளே ஆசிரியர் கைப்பட ஒரு வாழ்த்துக் கடிதம் வேறு வைத்திருப்பார், அவர் வைக்காமல் இருக்கமாட்டார். என் பெயரில் யார் கடிதம் போட்டது என்று அவள் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஆபீஸில் கையெழுத்துப் பார்த்து ஊர் சொல்கிறவள் அவள். மனைவி தூக்கத்தில் பேசினதைத் திருடி, மனைவி பெயரைத் திருடி, அடுத்த ஊரில் போய்ப் பெட்டியில் போட்ட ஆள். இதைவிட அசிங்கமாக, அவள் அந்தக் கோவைக் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டால்? மேடையில் அவள், கீழே மூன்றாவது வரிசையில் அவர். லோகநாதன் மாலை போடுவான். ஆசிரியர், அவருடைய நூற்று நாற்பத்து மூன்று கடிதத்தையும் பிரித்து, படித்து அல்லது படிக்காமல் போட்ட அந்த ஆசிரியர், அவர் கையைக் குலுக்கி, ‘சாருக்குக் காமிக்ஸ் படிக்கிற பழக்கம் உண்டுங்களா?’ என்று கேட்பார்.

எழுந்துபோய்க் குளியலறை அலமாரியிலிருந்து புது பிளேடு ஒன்று எடுத்து வந்தார். இந்தப் பக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் மலர் எப்படியும் வரத்தான் போகிறது என்று தெரிந்திருக்கும். பக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கட்டம் கட்டினதை வெட்டி எடுத்துச் சுருட்டி எறிந்துவிட்டால் இந்த ராத்திரியாவது பழையபடி தம்முடையதாகும், டோரக் குதிரை ஏறுவான். பிளேடின் காகிதத்தைப் பிரித்தார். பக்கத்தை மட்டமாக விரித்துப் பிடித்தார். முனையைத் தையல் ஓரத்தில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். மூன்றாம் பக்கத்தை வெட்டினால் பின்பக்கம் நாலாம் பக்கமும் போகும். நாலாம் பக்கத்தில் அடுத்த மாத விளம்பரம், முழு வண்ணத்தில். புத்தகம் ‘பக்கம் குறைவு’ ஆகிவிடும். அப்புறம் அது புத்தகமே இல்லை. நாற்பது வருஷத்தில் அவர் ஒரு காமிக்ஸின் ஓரத்தைக்கூட மடித்ததில்லை. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பின சொந்தத் தம்பியை வீட்டைவிட்டுப் போகச் சொன்னவர். மனைவியை ஏமாற்ற முடிகிறது, மனசறிந்து பொய்க் கையெழுத்துப் போட முடிகிறது, ஒரு தாளை வெட்ட முடியவில்லை. கொலை செய்யப் போனவன் தரை அழுக்காகிவிடுமே என்று திரும்பி வந்த மாதிரி ஆயிற்று அவர் கதை. பிளேடைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, தம்மைத் தாமே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டார்.

“என்னுங்க, இன்னும் தூங்கலீங்ளா? மணி ரெண்டாவப் போவுது.”

கதவண்டை பூங்கோதை நின்றாள், முடியை அள்ளிச் செருகிக்கொண்டு. தண்ணீர் குடிக்க வந்திருக்கிறாள். அவர் பிளேடை உள்ளங்கையில் மறைக்கப் பார்த்தார், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

“பிளேடு எதுக்குங்க?”

“பார்சல் பிரிக்க.”

“பொஸ்தகப் பார்சலத்தான் சாயங்காலமே பிரிச்சுப்போட்டீங்களே.”

செம்பில் மொண்ட தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டே அவள் மேஜைக்கு வந்தாள். கண் புத்தகத்தில் விழுந்தது. தன் பெயரை எந்தத் தாளிலும் தலைகீழாகவே படித்துவிடுவாள், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் எழுத்தைப் படித்துப் பழகின கண். செம்பை வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள், அவர் சொல்லாமலேயே. பிறகு குனிந்து, உதடு அசைய, நாலு வாக்கியத்தையும் படித்தாள்.

“இது நாந்தானுங்ளா?”

“நீதான். நாந்தான் எழுதினேன், உன் பேருல. நீ சொன்னது. ஒரு நாள் ராத்திரி, கரன்ட் இல்லாதப்ப.” கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் இவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை. “சும்மா, ஒரு சோதனைக்காவ. உங்கிட்டக் கேக்கலே. தப்புத்தான்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் ஆசிரியரின் பதிலைப் படித்தாள். கணவருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிற இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி கேள்வியைப் படித்தாள். “நல்லாத்தானுங்க கேட்டிருக்கறேன்” என்றாள், பக்கத்து வீட்டுப் பெண் எழுதினதைப் படித்தவள்போல. அந்தத் தொனி அவருக்குச் சுருக்கென்றது. ஒரு சந்தோஷக் கூச்சல் இல்லை, ஒரு பெருமை இல்லை. கிடைத்தவளுக்கு அது பெரிதில்லை. அதிலும் பொறாமைப்பட்டார் மனுஷன்.

“செரி, உங்குளுது எங்கீங்க?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலைக் கட்டத்துக்கு வெளியே வைத்து, பெயர் பெயராகக் கீழே இறங்கினாள். லோகநாதன், பெருந்துறை. யாரோ, ஆம்பூர். யாரோ, நாசரேத். பொடி எழுத்துப் பட்டியலுக்கு வந்ததும் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு பெயரிலும் நின்றாள். பட்டியல் முடிந்தது. அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று, ஓரத்தை மட்டும் பிடித்து, அவர் திருப்புகிற மாதிரியே மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இந்த மாசம் வரலீங்ளா?”

இந்த மாசம். ஆமாம், இந்த மாசம் வரவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அவள் தூங்கப் போய்விடுவாள். அதுவும் பொய் இல்லைதான். வாயெடுத்தார். அவள் விரல் இன்னும் பட்டியலின் கடைசிப் பெயர்மேலேயே இருந்தது.

“எந்த மாசமும் வந்ததில்ல புள்ள.”

“எந்த மாசமும்னா?”

“ஒண்ணுகூட வந்ததில்ல. இருவத்திரண்டு வருசத்துல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டைவிடப் பெரிதாக ஏதோ வரும் என்று அவர் நினைத்தார். அவள் முகம் அவர் அதுவரை பார்க்காத ஒரு முகமாக இருந்தது, கவுண்டரில் பார்சல் தொலைந்துபோனது என்று யாரிடமோ சொல்ல வேண்டிவந்தால் இப்படித்தான் வைத்துக்கொள்வாளோ என்னவோ.

“நான் கையில முத்திரை குத்தி அனுப்பிச்சனுங்களே. அத்தனையும்.”

“ஆமா.”

“நான் ஆபீஸ்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லியிருக்கறனே. எங்க வீட்டுக்காரரு எழுதறது மாசாமாசம் பொஸ்தகத்துல வரும், அதான் வந்தன்னிக்கு ராத்திரி பூரா வெச்சுப் பாத்துட்டே உக்காந்திருப்பாருன்னு. பாக்கியத்தக்கா ஒருக்காக் கேட்டுச்சு, ஒண்ணு கொண்டாந்து காட்டுன்னு. அவுரு பொஸ்தகத்த யாரையும் தொட உடமாட்டாருன்னு சொல்லிப்போட்டேன்.”

அவர் கையிலிருந்த பிளேடை அவள் எடுத்து, அதன் காகிதத்திலேயே சுற்றி, மேஜையின் நடுவில் வைத்தாள். புத்தகத்தை மூடவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கட்டில் கிறீச்சிட்டது.

வருஷக்கணக்காக இந்த வீட்டில், அவள் நினைப்பில், அவர் பெயரிலேயே வேறு ஒரு ஆள் இருந்திருக்கிறான். மாதாமாதம் அவன் எழுதினது அச்சில் வந்திருக்கிறது, அவனுக்குத் தூக்கம் வராமல் போனது சந்தோஷத்தால், அவன் பேரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தி தபால் பையை அவிழ்த்திருக்கிறாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவனைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அவனுக்கு இது எதுவும் தெரியாது, அதற்காக அவன் ஒரு வரி எழுதவும் இல்லை. லோகநாதனை மறந்துபோனார் நாச்சிமுத்து, கட்டத்துக்குள் இருந்த பெயரையும் மறந்துபோனார். அறுபத்தொன்று எல்லாம் ஒரு கணக்கா? அவருக்கு வாழ்க்கையில் யார்மேலும் வராத பொறாமை அந்த ஆள்மேல் வந்தது. ராத்திரி ராத்திரியாக அவள் பக்கத்தில் படுத்திருந்தது அவன்தானே.

“வாங்க,” என்றாள் உள்ளேயிருந்து. “வந்து படுங்க.”

யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.